கம்பி இல்லாத பல்

நம் வயதுக்காரர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. முதலில் ஒரு கடைவாய்ப் பல் போகிறது. அதை நாம் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை; அந்தப் பக்கத்தை விட்டு இந்தப் பக்கம் மெல்லப் பழகிவிடுகிறோம். அப்புறம் இந்தப் பக்கமும் ஆட்டம் காண்கிறது. ஒருநாள் பேரப்பிள்ளை மடியில் உட்கார்ந்துகொண்டு நம் முகத்தை விட்டுவிட்டு வாயையே உற்றுப் பார்க்கிறது.

போன மாதம் என் மகள் நாவலூரில் ஒரு பல் ஆஸ்பத்திரிக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். என் மகளைவிட இளைய பெண்தான் அங்கே டாக்டர். மேசைமேல் மூன்று பிளாஸ்டிக் தாடைகளை எடுத்து வைத்தாள். ஒன்றில் எலும்புக்குள் திருகாணி இறக்கி அதன்மேல் பல் உட்கார்ந்திருந்தது. இன்னொன்றில் இரண்டு பக்கத்துப் பல்லையும் ராவிவிட்டு நடுவில் பாலம் கட்டியிருந்தார்கள். மூன்றாவது கழற்றி மாட்டுவது. ரோஸ் நிறப் பிளேட், ஓரத்தில் கொக்கி மாதிரி வளைந்த கம்பி. எல்லாவற்றையும் பொறுமையாகச் சொல்லி முடித்து, "எதுனா டவுட் இருந்தா கேளுங்க ஆன்ட்டி" என்றாள்.

"இதெல்லாம் எக்ஸ்ரேல தெரியுமாம்மா?" என்று கேட்டேன்.

அவள் சிரித்தாள். மகளும் சிரித்தாள். கேட்க எவ்வளவோ இருக்க இதைப் போய்க் கேட்கிறேனே என்று. ஏன் கேட்டேன் என்பதை அங்கே நான் சொல்லவில்லை. உங்களிடம் சொல்லலாம். நீங்களும் அந்த மேசைக்கு முன்னால் உட்கார்ந்து எழுந்தவர்கள்தான், இல்லாவிட்டால் கூடிய சீக்கிரம் உட்காரப்போகிறவர்கள்.

எங்கள் ஊர் மதுராந்தகத்துக்குப் பக்கம், ஏரித் தண்ணீர் பாய்கிற ஊர். அப்பா டவுனில் நெல் மண்டியில் வேலை பார்த்தார். அவருக்கு ஒரே தங்கை. பெற்றவர்கள் முன்பே போய்விட்டதால் அத்தை எங்கள் வீட்டிலேயே வளர்ந்தாள். அவளைக் கட்டிக்கொடுக்கிற பொறுப்பும் அப்பா தலையில் விழுந்தது. அத்தைக்கு மேல்வரிசையில் முன்பல் இரண்டும் இல்லை. பாவாடை கட்டுகிற வயதில் தெருமுனை அடிபம்பில் தண்ணீர் அடிக்கும்போது, ஈரக் கையிலிருந்து கைப்பிடி நழுவி மேலே எகிறி வாயில் அடித்துவிட்டதாம். சுற்றுவட்டாரத்தில் எல்லோருக்கும் இது தெரியும். பெண் பார்க்க வருகிறேன் என்றவர்கள் அடுத்த வாரமே மௌனமாகிவிடுவார்கள். அதனால்தான் அப்பா கடற்கரைப் பக்கம் மாப்பிள்ளை தேட ஆரம்பித்தார். அவர்களும் நம் ஆட்கள்தான், ஆனால் எங்கள் ஊர்ப் பேச்சு போய்ச் சேராத தூரம்.

செங்கல்பட்டுக் கடைத்தெருவில் ஒரு மாடியில் பல் கட்டுகிறவர் இருந்தார். புடவை எடுக்கப் போவதாக ஊரில் சொல்லிவிட்டு அப்பா, அம்மா, அத்தை மூன்று பேரும் கிளம்பினார்கள். புடவைக்குத்தான் போகிறார்கள் என்று நம்பும்படி என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். எனக்கு ஒன்பது, பத்து வயது இருக்கும். அந்தப் படிக்கட்டில் ஏறும்போதே கிராம்புத் தைலமும் சுட்ட சுண்ணாம்பும் கலந்த ஒரு வாடை வந்தது. உள்ளே கண்ணாடி அலமாரியில் முழு வாய்களாக வரிசையாக வைத்திருந்தார். ஆள் இல்லாமல் வாய் மட்டும் சிரித்துக்கொண்டிருந்ததைப் பார்த்து அம்மாவின் புடவைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.

"ரெண்டு விதமா செய்யலாம் சார்," என்றார் அவர். "பக்கத்துப் பல்ல ராவி, நடுவுல பாலம் மாரி கட்டிடலாம். அதக் கழட்டவே தேவல. இன்னான்னா, நாலஞ்சு வாட்டி வந்து போவணும்."

"நல்லா கீற பல்ல போயி ராவுறதா? அதெல்லாம் வேணாம்," என்றார் அப்பா.

"அப்ப கழட்டி மாட்டற பிளேட்டு. ரெண்டு பக்கமும் கம்பி வெச்சி வுட்டா பக்கத்துப் பல்ல கெட்டியா புடிச்சிக்கும்."

"கம்பி வெளிய தெரியுமா?" என்று அம்மா கேட்டாள்.

"வாயத் தொறந்தா தெரியத்தான் செய்யும்."

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா கொஞ்ச நேரம் அலமாரியைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப கம்பி இல்லாம பண்ணிடுங்க," என்றார்.

"கம்பி இல்லன்னா புடிமானம் கம்மி சார். மேல்வாயில ஒட்டிக்கினு நிக்கும், அவ்ளோதான். தூங்கசொல்லோ கண்டிப்பா கழட்டி தண்ணீல போட்டுடணும். இன்னாம்மா, காதுல வாங்கிக்கினியா?"

வாய் நிறைய அச்செடுக்கிற மாவோடு உட்கார்ந்திருந்த அத்தை கண்ணாலேயே சரி என்றாள்.

பிளேட் வந்தபோது முதலில் பெரிதாகத்தான் இருந்தது. அதைப் போட்டுக்கொண்டு பேசினால் 'சோறு' என்பது 'ஷோறு' என்று வந்தது. பெண் பார்க்க வருகிறவர்கள் இரண்டு வார்த்தை பேசச் சொன்னால் என்ன செய்வது? அப்பா திரும்ப எடுத்துக்கொண்டு போய் ஓரமெல்லாம் தேய்த்துச் சின்னதாக்கிக்கொண்டு வந்தார். கட்டைவிரல் அகலத்துக்கு ரோஸ் தகடு, அதன் நுனியில் இரண்டு பல். உள்ளங்கையில் வைத்தால் கனமே தெரியாது. பேச்சு சரியாகிவிட்டது.

அத்தையைக் கட்டிக்கொள்ளப்போகிற மாமாவும் அவருடைய அம்மாவும் வந்து பார்த்தார்கள். மாமா அதிகம் பேசவில்லை. மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடலோரமாகச் சவுக்குத் தோப்புகளைக் குத்தகைக்கு எடுத்து, மரம் வெட்டி லாரியில் மெட்ராஸுக்கு அனுப்புவது அவருடைய தொழில். கையெல்லாம் காய்த்துப்போயிருந்தது. அவருடைய அம்மாதான் அத்தையை நடக்கச் சொன்னார், ஊசியில் நூல் கோக்கச் சொன்னார், ஊர்க் கதை கேட்டார். கடைசியில், "பொண்ணு கருப்புன்னாலும் பல்லு வரிசயா கீதுடா," என்று மகனிடம் சொன்னார். என் அம்மா சட்டென்று அடுக்களைக்குள் போய்விட்டாள்.

பங்குனியில் கல்யாணம் முடிந்தது. எனக்கு முழுப் பரீட்சை லீவு விட்டதும், புது இடத்தில் அத்தைக்குத் துணையாக இருக்கட்டும் என்று என்னைக் கொண்டுபோய் விட்டார்கள்.

அந்த வீட்டை இப்போதும் என்னால் காதால் நினைக்க முடிகிறது. மூன்று பக்கமும் சவுக்கு. காற்று இல்லாத நேரத்திலும் சவுக்கு சும்மா இருக்காது. தூரத்தில் யாரோ மூச்சை இழுத்து இழுத்து விடுகிற மாதிரி ஒரு சத்தம் ஓயாமல் கேட்கும். கடல் மரங்களுக்குப் பின்னால் இருந்தது. எது அலை, எது மரம் என்று பிரித்துச் சொல்ல முடியாது. தரையெல்லாம் காய்ந்த சவுக்குச் சருகு, ஊசி ஊசியாக. கீழே எதைப் போட்டாலும் அது உள்ளே போய்விடும். போன முதல் நாளே என் ஒரு பக்கத்துக் கம்மல் அதில் விழுந்து காணாமல் போனது.

அத்தை எல்லோருக்கும் முன்பாக எழுந்து கிணற்றடிக்குப் போய், முதுகைக் காட்டி உட்கார்ந்து, பல்லைக் கழற்றிக் கழுவி மாட்டிக்கொண்டு வந்துவிடுவாள். கழற்றி இருக்கிற நேரம் அவ்வளவுதான். பல் கட்டுகிறவர் சொன்ன தண்ணீர்க் கிண்ணத்தை அந்த வீட்டில் எங்கே வைப்பது? ஒரே அறை அவர்களுக்கு. ஒரே ஒரு முறை நான் கேட்டேன்: "அத்த, தூங்கறப்ப கழட்டணும்னு அந்த ஆளு சொன்னாரே?"

"கம்முனு இரு பாப்பா," என்றாள். கோபமில்லை. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத்தான் சொன்னாள்.

அது நடந்தது நல்ல வெயிலில். மாமாவின் அம்மா உறவுக்காரர் வீட்டுக்குப் போயிருந்தார். மாமா தோப்பில். சங்கரா மீன் குழம்பு சாப்பிட்டுவிட்டு நானும் அத்தையும் வீட்டுக்குப் பின்னால் நிழலில் பாய் போட்டுப் படுத்தோம். நான் தூங்கவில்லை, ஒரு காக்கை எச்சில் தட்டைச் சுற்றி வந்துகொண்டிருந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தை வாயைத் திறந்து நன்றாகத் தூங்கினாள்.

திடீரென்று எழுந்து உட்கார்ந்தாள். மூச்சு உள்ளே போகிற சத்தம் மட்டும் கேட்டது, வெளியே வரவில்லை. இரண்டு கையாலும் கழுத்தைப் பிடித்துக்கொண்டாள். கண் என்னைப் பார்த்தது, ஆனால் என்னைப் பார்க்கவில்லை. உதடு நாவல்பழம் தின்ற மாதிரி ஆனது. நான் அவள் முதுகில் இரண்டு கையாலும் குத்தினேன், கத்தினேன். அப்புறம் இருமல் வந்தது. வயிற்றிலிருந்து புரட்டிக்கொண்டு வந்த இருமல். கண்ணில் தண்ணீர், மூக்கில் தண்ணீர். மெதுவாக மூச்சு திரும்பியது. பாயில் சாய்ந்து படுத்துக்கொண்டு, "பொறை ஏறிட்ச்சி," என்றாள். 'ஏறிட்ச்சி' என்ற வார்த்தை காற்றாக வந்தது. கையை வாய்க்குக் கொண்டுபோனாள். பல் இல்லை.

இருமிய வேகத்தில் வெளியே தெறித்திருக்கும் என்றுதான் அவள் நினைத்தாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். பாயை உதறினோம். சருகைக் கையால் வாரி வாரிப் பார்த்தோம். என் காணாமல் போன கம்மல்கூடக் கிடைத்தது, பல் கிடைக்கவில்லை. அந்தக் காக்கையையும் காணோம். கடைசியில் அத்தை சவுக்கு உச்சியைப் பார்த்து, "காக்கா தூக்கினு பூட்ச்சி போல," என்றாள். சொன்னதும் அதுவே நிச்சயமாகிவிட்டது. அதற்குமேல் நாங்கள் தேடவில்லை.

அன்று சாயங்காலத்திலிருந்து அத்தை முந்தானையால் வாயை மூடிக்கொண்டே இருந்தாள். பல்வலி, தாடை வீங்கியிருக்கிறது என்றாள். மாமாவின் அம்மா உப்பு வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுக்க வந்தபோது, தொட்டால் உயிர் போகிறது என்று சுவரோடு ஒட்டிக்கொண்டாள். மாமா அந்த நாட்களில் சாப்பாட்டுக்கு வந்தால் அத்தைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவார். தண்ணீர்கூட என்னிடம்தான் கேட்பார். அவருக்குக் கோபம் என்று நினைத்தேன். அத்தையும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். அவர் போனதும் கதவுக்குப் பின்னால் நின்று அழுவாள்.

லீவு முடிந்து என்னை ஊருக்கு அனுப்பும்போது அத்தை என் காதில் சொன்னாள்: "அண்ணிகிட்ட மட்டும் சொல்லு. பல்லு காணாம பூட்ச்சின்னு. வேற யார்கிட்டயும் வாயத் தொறக்காத."

அம்மாவிடம் சொன்னேன். மூச்சு நின்றது, உதடு கறுத்தது, காக்கை, எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா பல் காணாமல் போனதை மட்டும்தான் கேட்டுக்கொண்டாள். அப்பா அடுத்த நாளே செங்கல்பட்டுக்குப் போனார். பல் கட்டுகிறவர் பழைய அச்சைப் பத்திரமாக வைத்திருந்தாராம். அதே போல இன்னொன்று, அதே அளவு, கம்பி இல்லாமல். அதைத் துணியில் சுற்றி, முறுக்கு டப்பாவின் அடியில் வைத்து, தங்கையைப் பார்க்கிற சாக்கில் அப்பா கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். திரும்பி வந்து அம்மாவிடம், "ஒருத்தருக்கும் தெரில," என்று சொல்லிவிட்டுத் திருப்தியாகக் கால் நீட்டிப் படுத்தார். அந்தத் திருப்தி எனக்கு இன்னும் கண்ணில் இருக்கிறது.

ஆடி பிறந்ததும் வழக்கம்போல் புதுப் பெண்ணை எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். பஸ்ஸிலிருந்து இறங்கியபோது அத்தையின் ரவிக்கை தோளில் நிற்கவில்லை. இருமிக்கொண்டே இறங்கினாள். வெயில் காலத்தில் வந்த அந்த இருமல் இரண்டு நாளில் நின்றுவிட்டதாம். அப்புறம் மெல்லத் திரும்பி வந்ததாம். கடல் காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்றாள் அம்மா. தூதுவளை, மிளகு, தேன் எல்லாம் ஆயிற்று. சாயங்காலமானால் காய்ச்சல் ஏறும். இருமினால் வருகிற சளியில் ஒரு நாற்றம். செத்த எலி கிடக்கிற அறையின் நாற்றம் அது. அத்தையே தாங்க முடியாமல் வாசல்பக்கம் ஓடுவாள். பல் மட்டும் வெள்ளையாக, வரிசையாக இருந்தது.

ஆடி முடிந்தது. அழைத்துப் போக யாரும் வரவில்லை. ஆவணியில் ஒருநாள் சளியோடு ரத்தம் வந்தது. அதற்குப் பிறகு அத்தைக்கு மாட்டுக் கொட்டகையை ஒட்டிய அறை. தனித் தட்டு, தனித் தம்ளர், துப்புவதற்குச் சாம்பல் போட்ட கொட்டாங்கச்சி. அந்தப் பக்கம் போனால் காலை உடைப்பேன் என்று அம்மா சொன்னாள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் என்னோடு பாண்டி ஆட வருவதை நிறுத்தின. யாரும் அந்த வியாதியின் பெயரைச் சொல்லவில்லை. 'அது' என்றார்கள்.

அந்தச் சேதி எப்படியோ கடற்கரைக்கும் போய்விட்டது. மாமாவின் அம்மா நேரே எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை.

"இன்னா தம்பி, வியாதிக்காரிய என் புள்ள தலைல கட்டிட்டியா? நல்ல டாக்டராண்ட காட்டு. நானும் கூட வரேன். அவரு வாயால நான் கேக்கணும்."

செங்கல்பட்டில் ஒரு டாக்டரிடம் போனோம். அத்தை என் கையை விடாததால் என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள். எக்ஸ்ரே எடுத்து, டாக்டர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். வலது பக்கம் கீழே புகை படிந்த மாதிரி வெள்ளையாக இருந்தது. அவர் நல்ல மனிதர். கேட்க வேண்டியதைக் கேட்கத்தான் செய்தார்.

"எதுவாவது முழுங்கினியாம்மா? ஊக்கு, புளியங்கொட்டை, கட்டுப்பல் இந்த மாதிரி? எப்பவாவது பலமா பொறை ஏறிச்சா?"

அத்தை அப்பாவைப் பார்த்தாள். அத்தைக்குப் பின்னால், கதவோரமாக, மாமாவின் அம்மா நின்றிருந்தார். அத்தை வாயைத் திறந்தாள். இருமல்தான் வந்தது.

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல சார்," என்றார் அப்பா.

ரொம்ப வருடம் கழித்து அப்பா என்னிடம் சொன்னார். காக்கை தூக்கிக்கொண்டு போன பல்லுக்கும் நெஞ்சுச் சளிக்கும் சம்பந்தம் இருக்கும் என்று அவருக்குத் தோன்றவே இல்லையாம். அந்தக் கேள்வியில் 'கட்டுப்பல்' என்கிற ஒரு சொல்தான் அவர் காதில் விழுந்திருக்கிறது. அதைக் கேட்டதும் அவர் திரும்பிப் பார்த்தது டாக்டரையோ அத்தையையோ இல்லை, கதவோரம் நின்றவரை.

டாக்டர் தொண்டைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். உலோகமாக இருந்தால் படத்தில் பளிச்சென்று தெரிந்திருக்கும், அப்படி எதுவும் இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு, காசநோய்தான் என்று வைத்துக்கொண்டு ஊசியை ஆரம்பிக்கலாம் என்றார். மாமாவின் அம்மா அங்கேயே புடவைத் தலைப்பை உதறிவிட்டுப் படியிறங்கிப் போனார்.

தினமும் ஊசி. இடுப்பில் போட்டுப் போட்டு அத்தையால் உட்கார முடியவில்லை. காதுக்குள் சவுக்குத் தோப்பு மாதிரி இரைகிறது என்றாள். புரட்டாசி போய் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. காய்ச்சல் நிற்கவில்லை. மாட்டுக் கொட்டகைக் கூரையில் மழை விழுகிற சத்தத்துக்கு நடுவே இருமல் சத்தம் கேட்கும். கேட்காமல் போனால் அம்மா கையிலிருந்த வேலையை நிறுத்திவிட்டு அந்தப் பக்கமே பார்ப்பாள். மறுபடி இருமல் வந்ததும் வேலையைத் தொடர்வாள். அப்பா மண்டியிலிருந்து நேரத்தோடு வருவதை நிறுத்திவிட்டார்.

அப்படி ஒரு மழைநாளில், விடிந்து கொஞ்ச நேரத்தில், சவுக்கு லாரி ஒன்று எங்கள் தெருவில் வந்து நின்றது. மாமா இறங்கினார். உடம்பெல்லாம் நனைந்திருந்தது.

"அம்மாவுக்குத் தெரியாது மச்சான்," என்றார் அப்பாவிடம். "மெட்ராஸுக்கு இட்டுகினு போலாம். பெரிய ஆஸ்பத்திரில காட்டலாம்."

"அது ஒட்டிக்கிற நோவு மாப்ள. உங்களுக்கும்..."

"இருக்கட்டும்."

கொட்டகை அறைக்குள் அவர் குனிந்து நுழைந்தார். அங்கே போகக் கூடாது என்று யாரும் அவரைத் தடுக்கவில்லை. போர்வையோடு அத்தையைத் தூக்கிக்கொண்டு வந்து லாரியில் முன்பக்கம் உட்கார வைத்தார். அத்தை என் கையைப் பிடித்தாள். நானும் ஏறினேன், அப்பாவும் ஏறினார். மழையில் செங்கல்பட்டைத் தாண்டினோம். அத்தை முந்தானையால் வாயை மூடியிருந்தாள். இந்த முறை பல் இருந்தும் மூடியிருந்தாள்.

மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் ஒரு பெரிய டாக்டர் எக்ஸ்ரே படங்களைப் பார்த்தார், சளியை முகர்ந்து பார்த்தார். நான் பார்த்தேன், நிஜமாகவே முகர்ந்தார். இது காசநோய் மாதிரி தெரியவில்லை என்றார். மயக்கம் கொடுத்து, வாய் வழியாகக் குழாய் விட்டு உள்ளே பார்க்கப்போவதாகச் சொன்னார். நர்ஸம்மா தட்டோடு வந்தார். வளையல், தோடு எல்லாவற்றையும் கழற்றி வாங்கிக்கொண்டு, "பல் செட் ஏதாச்சும் போட்டிருந்தா அதையும் கழட்டிடும்மா," என்றார்.

அத்தை அசையவில்லை. அப்பாவைப் பார்த்தாள். அப்பா தரையைப் பார்த்தார். மாமா கட்டில் காலருகே நின்றிருந்தார். நர்ஸம்மா இன்னொரு முறை கேட்டார். அத்தை இல்லை என்று தலையை ஆட்ட ஆரம்பித்தாள்.

"கழட்டு," என்றார் மாமா. "எனக்குத் தெரியும்."

அத்தை அவரையே பார்த்துக்கொண்டு கட்டைவிரலால் தள்ளிப் பல்லை எடுத்துத் தட்டில் வைத்தாள். தட்டில் அது விழுந்த சத்தம் ரொம்பச் சின்னதாக இருந்தது.

பெரிய டாக்டர் அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "புதுசா இருக்கே. எப்ப கட்டினது?"

"இது ரெண்டாவது சார்," என்றாள் அத்தை. பல் இல்லாத வாயிலிருந்து வார்த்தை காற்றாக வந்தது. "மொத பல்லு காணாம பூட்ச்சி."

"எப்போ?"

"சித்திரை வெய்யில்ல. தூங்கினு இருந்தேன். பொறை ஏறிச்சி. எயிந்து பாத்தா இல்ல."

"அதுல கம்பி இருந்துச்சா?"

"இல்ல சார். கம்பி இல்லாம."

டாக்டர் எக்ஸ்ரே படத்தை மறுபடி வெளிச்சத்தில் பிடித்தார். அப்புறம் யாரையும் பார்க்காமல், "கம்பி இல்லைன்னா இதுல தெரியாது," என்றார். அப்பா அப்படியே சுவரோரம் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

நுரையீரலுக்குள் போய்ச் சிக்கியிருந்த முதல் பல்லை எடுத்துவிட்டார்கள். கிடுக்கியில் பிடித்து வெளியே கொண்டுவந்ததை மாமாவிடம் ஒரு கிண்ணத்தில் காட்டினார்களாம். தகடு கறுத்துப்போய், சீழ் சூழ்ந்து இருந்ததாம். நான் பார்க்கவில்லை; மாமா என்னைத் திருப்பி நிற்கவைத்துவிட்டார்.

மயக்கம் தெளிந்து இரண்டு மூன்று நாள் கழித்து அத்தைக்குப் பேச வந்தது. மாமா ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். நான் கட்டில் ஓரத்தில்.

"எப்பலேர்ந்து தெரியும்?" என்று கேட்டாள் அத்தை.

"கல்யாணம் ஆன ஒடனேயே. கெணத்தடில நீ கழுவிக்கினு இருந்த. நான் தோப்புப் பக்கமா வந்தேன்."

"அது காணாம போனது?"

"தெரியும். அதான் உன் மூஞ்சிய பாக்காம துன்னுட்டு போயினு இருந்தேன். பாத்தா நீ கூசிக்குவியேன்னு."

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே. தூங்கசொல்லோ கழட்டி வெய்யின்னு ஒரு வார்த்த."

மாமா ஆரஞ்சுச் சுளையில் இருந்த நாரை எடுத்துக்கொண்டே இருந்தார். "நீயே சொல்லுவேன்னு இருந்தேன்," என்றார்.

அத்தை சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவளுக்குக் கோபம் அவர்மேலா, என்மேலா, எங்கள் எல்லோர்மேலுமா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அப்பா மறைத்தார், தங்கை வாழவேண்டும் என்று. அம்மா மறைத்தாள். அத்தை மறைத்தாள். மாமா அவளுக்குக் கூச்சம் வரக் கூடாது என்று தனக்குத் தெரிந்ததை மறைத்தார். ஒரு கெட்ட மனம் இல்லை அதில். அதுதான் நினைக்க நினைக்க எனக்கு நடுக்கமாக இருக்கிறது.

பல் வெளியே வந்துவிட்டதே தவிர, அது இருந்த இடம் ஆறவில்லை. நுரையீரலின் அந்தப் பாகம் அழுகிப்போயிருந்தது. மாமா தன் அம்மா சொன்ன எதையும் காதில் வாங்காமல் அத்தையைத் தன் வீட்டுக்கே கூட்டிப் போனார். முதலில் கொஞ்சம் தேறினாள். கார்த்திகையில் எழுந்து நடந்தாளாம், மீன் குழம்புகூட வைத்தாளாம். மார்கழிப் பனியில் மறுபடி காய்ச்சல் வந்தது. பொங்கலுக்கு எங்கள் வீட்டில் பானை வைக்கவில்லை. பொங்கலுக்கு முன்பே சேதி வந்துவிட்டது.

காரியமெல்லாம் முடிந்து நாங்கள் கிளம்புகிற அன்று அப்பாவும் அம்மாவும் பஸ்ஸுக்காக ரோட்டில் நின்றார்கள். மாமா தோப்பு வழியாக என்னைக் கூட்டிக்கொண்டு வந்தார். வெட்டிய மரங்கள் கட்டுக்கட்டாகக் கிடந்தன. அவர் நடுவழியில் நின்றார்.

"பாப்பா, உங்க வூட்ல இருக்கசொல்லோ அத்த சிரிப்பாங்களா?"

"சிரிப்பாங்களே மாமா. சத்தமா சிரிப்பாங்க. அம்மா திட்டுவாங்க, தெருவுக்கே கேக்குதுன்னு."

"வாயத் தொறந்தா?"

"ஆமா. இங்க ஓட்டயா தெரியும். அதுவழியா நாக்க நீட்டிக் காட்டுவாங்க."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார்.

"நான் ஒருவாட்டி கூடப் பாக்கல," என்றார்.

ரோட்டில் பஸ் ஹாரன் அடித்தது. அவர் என் கையைப் பிடித்து அவசரமாக நடத்திக்கொண்டு போய் ஏற்றிவிட்டார்.